சாம்பிள் டப்பாவில் சம்பந்தி விருந்து

கராச்சர்மா, போர்ட் பிளேர்
சனிக்கிழமை மாலை

நம் குடும்பத்துக் கல்யாணப் பந்திகள் அனைத்துக்கும் தலைவரும், என் அக்காவின் கணவரும், தற்சமயம் என்னோடு பேசாதிருப்பவருமான சூசை அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் தாமஸ் கைகூப்பி எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் என் மனைவி கிளாராவும் இங்கே சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலியும், அக்காவின் சர்க்கரையும், தங்கள் கோபமும் எந்த அளவில் இருக்கின்றன என்று அறிய ஆவலாயிருக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து தாங்கள் வெளியேறிவிட்டபடியாலும், போன் அடித்தால் அக்காவை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்றுகொண்டே ‘நான் இல்லைன்னு சொல்லு’ என்று எனக்குக் கேட்கும்படியே சொல்கிறபடியாலும், இந்தக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை மெயின்லேண்ட் கப்பல் ஏறும் ஐயாவு கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசலோடு அவரைத் திருப்பிவிடாதீர்கள். அவருக்கும் உங்களுக்கும் எந்தச் சண்டையும் இல்லை.

முதலில் நல்ல சேதி. மகள் ஷெர்லின் கல்யாணம் இன்று காலை கோயிலில் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை ஜஸ்டின் தாலியை முதலில் தலைகீழாகப் பிடித்தாலும் முடிச்சு சரியாகத்தான் விழுந்தது. அடுத்த நல்ல சேதி, தாங்கள் கப்பலில் அனுப்பிய மஸ்கோத் அல்வா டின் வந்து சேர்ந்தது. கோபமாயிருக்கும்போதே கைப்பட அல்வா கிண்டி அனுப்புகிற மனசு உங்களைத் தவிர யாருக்கு வரும் அத்தான்! கப்பல் சென்னையிலேயே புயல் எச்சரிக்கையில் கிடந்து, இங்கே வந்த பிறகு லோடு இறக்க ஆளில்லாமல் கிடந்து, இறக்கிய டின் ஷெட்டுக்கு வெளியே வெயிலில் கிடந்து, ஒருவழியாக வீட்டுக்கு வந்தது. மூடியைத் திறந்தபோது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. கிளாரா இரண்டடி பின்னால் போய்விட்டாள். “அத்தான் பெருமூச்சு விடுறாரு, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லி நான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். லேசாக ஒரு புளிப்பு இருந்தது. அதுவும் தங்கள் கைப்பக்குவம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது தங்களுக்கு மூச்சு வாங்கும், தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். ஷெர்லின் வேலை பார்க்கும் கம்பெனியின் பேர் ஒரு முழ நீளம், ஆகவே கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். பத்துபஸ்தி பக்கம் பெரிய ஆபீஸ் ஒன்றில், உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு போடுவது, அவர்கள் நடந்த இடத்தைத் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கேட்டில் நிற்பது, நிற்கிறவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து அதை வாராவாரம் வெளுத்தும் கொடுப்பது எல்லாம் கம்பெனிதான். அங்கே நம் ஷெர்லின் சைட் இன்சார்ஜ். அவள் ஒரு பார்வை பார்த்தால் சாம்பார் தானே கொதி அடங்கும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கல்யாணச் சாப்பாட்டையும் கம்பெனிக்கே கொடுக்கலாம் என்று அவள் கேட்டபோது என்ன சொன்னாள் தெரியுமா? “மாமா நாப்பது வருஷமா தோள்ல துண்டோட நின்னே பந்தி பாத்தாச்சு. என் கல்யாணத்துலயாவது அவரு முதல் பந்தியில உக்காந்து சாப்பிடட்டும்ப்பா” என்றாள். இதைத்தான் தாங்கள் ‘என்னை ஒதுக்கிட்டான்’ என்று எடுத்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டீர்கள். முதல் பந்தியில் உங்களுக்கென்று போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது.

சரி, கல்யாண மண்டபத்துக்குக் கம்பெனி வந்த அழகைக் கேளுங்கள். வாசலில் ‘ஷெர்லின் வெட்ஸ் ஜஸ்டின்’ போர்டுக்குப் பக்கத்திலேயே ‘வழுக்கும் தரை, கவனம்’ என்று மஞ்சள் போர்டு. சென்னையிலிருந்து ஏரியா மேனேஜர் ராஜசேகர் என்று ஒரு தம்பி, முப்பது வயசிருக்கும், ஷெர்லின் மேல் உள்ள மரியாதையில் இதற்கென்றே விமானத்தில் வந்திறங்கியிருந்தார். வந்ததும் என் கையைக் குலுக்கி, “சார், இனிமே இது உங்க பொண்ணு கல்யாணம் இல்ல, எங்க சைட்டு” என்றார். யூனிஃபார்ம், தொப்பி, கையுறை இல்லாமல் யாரும் பரிமாறக்கூடாது என்றார். நம் சனம் கேட்குமா? பங்காளியும் மாமன்மாரும் வாளி தூக்காத கல்யாணம் ஒரு கல்யாணமா? என் தம்பிமார் இரண்டு பேரும் வாளியைப் பிடித்து இழுக்க, கம்பெனிப் பையன்கள் அந்தப் பக்கம் இழுக்க, ரசம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் போய் வந்தது. கடைசியில் ராஜசேகர், “அப்போ எல்லாரும் யூனிஃபார்ம் போடுங்க” என்று ஸ்டோர் பெட்டியைத் திறந்துவிட்டார். ஆலிவ் பச்சைச் சட்டை, அதே பச்சைக் கால்சட்டை. சின்னவனுக்குப் பொத்தான் பூட்டவில்லை, பெரியவனுக்குக் கால்சட்டை நிற்கவில்லை. நெஞ்சில் குத்திய பேர்ப் பட்டியை யாரும் கழற்றாததால், பந்தி முழுக்க என் தம்பி ‘உமா மகேஸ்வரி, ஹவுஸ்கீப்பிங்’ என்று வலம் வந்தான். வெற்றிலை வைக்கப்போன கிளாராவின் தலைக்கும் வலைத் தொப்பி மாட்டிவிட்டார்கள். நாலு முழம் மல்லிகைப்பூவும் அதற்குள் அடங்கி, வலையில் சிக்கிய நெத்திலி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. நான் சிரித்தேன். அதற்கான பலனை ராத்திரிச் சாப்பாட்டில் அனுபவிப்பேன் என்று நினைக்கிறேன்.

தங்கள் அல்வாவுக்கும் தடை வந்தது. “வெளிச் சாப்பாடு நாட் அலவ்டுப்பா, மாமா அனுப்புனதா இருந்தாலும் சரி” என்று பெற்ற மகளே சொல்லிவிட்டாள். விடுவேனா? கோயில் பீடத்துக்கு வந்த பூக்கூடையில் மேலே ரோஜா, கீழே அல்வா என்று வைத்து நானும் கிளாராவும் உள்ளே கொண்டுபோய், சோறு வரும் முன்பே இலைக்கு ஒரு துண்டு வைத்துவிட்டோம். என் தம்பிமார், ஃபாதர், மாப்பிள்ளை, யாரும் மிச்சம் வைக்கவில்லை. ராஜசேகர் தம்பி ஒரு துண்டை எடுத்து, “இது மெனுவுலயே இல்லையே, யாரு அப்ரூவ் பண்ணது?” என்று கேட்டுக்கொண்டே தின்றார். கேட்டுக்கொண்டே இரண்டாவதும் தின்றார். நாலாவது துண்டுக்குக் கேள்வியே வரவில்லை. கம்பெனி மெனு முழுவதையும் அத்தானின் ஒரு துண்டு அல்வா தோற்கடித்துவிட்டது என்று அப்போது நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அந்த நிமிஷத்தில்தான் வாசலில் சம்பந்தி தலை தெரிந்தது.

சம்பந்தி ஜோஸ்வாவைத் தாங்கள் பார்த்ததில்லை. இங்கிருந்து கப்பலில் போய்ச் சேரும் ஹட்பேயில் மரக்கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷர், ஆனால் மரியாதையில் ஒரு நூல் குறைந்தாலும் முகம் கறுத்துவிடும். மகன் கல்யாணத்துக்கென்று ஹட்பே டெய்லரிடம் புது சஃபாரி சூட் தைத்துப் போட்டிருந்தார். கோயிலில் அதன்மேல் பொன்னாடை கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மண்டப வாசலில் வெக்கை தாங்காமல் பொன்னாடையை எடுத்தார் பாருங்கள், எனக்குப் பகீரென்றது. ஆலிவ் பச்சை! அதே துணி, அதே பொத்தான். கம்பெனிக்கு யூனிஃபார்ம் தைக்கிற அதே டெய்லர், மிச்சம் விழுந்த துணியில் இவருக்கும் தைத்துத் தள்ளிவிட்டிருக்கிறான். நான் பந்தி மேசைகளைத் தாண்டி ஓடுவதற்குள் ராஜசேகர் தம்பி முந்திக்கொண்டார். கம்பெனி உடுப்பில் ஒரு ஆள், தொப்பி இல்லை, கையுறை இல்லை, வாய் நிறைய வெற்றிலை, சாப்பாட்டு நேரத்தில் சும்மா நிற்கிறான். கோபம் வராதா? “கேப் கஹா ஹை, தொப்பி எங்க? பான் போட்டுட்டு ஃபுட் ஏரியாவுல நிக்கிறியா? போ, பாத்திரம் கழுவுற பக்கம்!” என்று கத்தி, கையில் ஒரு வாளியையும் திணித்துவிட்டார். சம்பந்தி வாயைத் திறந்தால் புதுச் சட்டையில் வெற்றிலைச் சாறு விழும். ஆகவே திறக்கவில்லை. அதைத் திமிர் என்று நினைத்த ராஜசேகர் அவர் தோளைப் பிடித்துத் தள்ளியும்விட்டார். அந்த அதிர்ச்சியில் சம்பந்தி பாத்திரத் தொட்டி வரைக்கும் வாளியோடு நடந்தே போய்விட்டார் அத்தான்! அங்கே உட்கார்ந்திருந்த மீனா என்கிற பொண்ணு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு அண்டாவை அவர் பக்கம் உருட்டிவிட்டிருக்கிறது.

அண்டா காலில் பட்டதும்தான் மனுஷருக்கு நினைவு திரும்பியது. வெற்றிலையைத் துப்பினார். வாளியை வைத்தார். மண்டபமே கேட்கும்படி, “கதம், எல்லாம் முடிஞ்சுது. இந்தக் கல்யாணத்துல நான் கை நனைக்க மாட்டேன்” என்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன். “மகனைக் கூட்டிட்டு வந்தேன், மகனைக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில கப்பல் இருக்கு. உங்க பொண்ணு உங்க வீட்டுலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வெளியே பாதாம் மரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் கை நனைக்காத வீட்டிலிருந்து பெண்ணைக் கூட்டிப்போக மாட்டார்கள். தாலி கட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மேடையில் ஷெர்லின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளாரா போய்க் கெஞ்சினாள். அவள் தலையிலிருந்த வலைத் தொப்பியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது. ஃபாதர் போய் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். “மன்னிச்சுட்டேன் ஃபாதர், ஆனா சாப்பிட மாட்டேன்” என்றார். ஜஸ்டின் போய் நின்று அழுதான். என் தம்பி போனான். ‘உமா மகேஸ்வரி’ என்ற பேர்ப் பட்டியோடு போனதால் பாதி வழியிலேயே திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டேன். கடைசியில் ராஜசேகர் தம்பியே போய், தொப்பியைக் கழற்றிச் சம்பந்தியின் காலடியில் மண்ணில் முட்டி போட்டு, “அப்பா மாதிரி நினைச்சு மன்னிச்சிருங்க சார். நான் துணியைப் பாத்தேன், ஆளைப் பாக்கல” என்று கண் கலங்கினார். சம்பந்திக்குப் பசியும் வந்திருக்கும், மனசும் இளகியிருக்கும். “சரி, இலையைப் போடு” என்றார். எனக்கு அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. ஓடினேன் சமையல்கட்டுக்கு.

சமையல்கட்டில் ஒன்றுமே இல்லை.

நம் ஊரில் தாங்கள் எப்படிச் செய்வீர்கள்? ஆள் எத்தனை என்று யார் சொன்னாலும் காதில் வாங்காமல் அண்டாவைப் பார்த்து, அரிசியைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, அள்ளிக் கொட்டுவீர்கள். கம்பெனி அப்படியில்லை. அழைத்த ஆள் கணக்குக்கு ஒரு கரண்டிகூடக் கூடுதல் கிடையாது. மீந்தால் அது குற்றமாம். ஆனால் கராச்சர்மாவில் கல்யாணம் என்றால் அழைத்தவர்கள் மட்டுமா வருவார்கள்? வங்காளி வீடு, தெலுங்கு வீடு, மலையாளி வீடு, அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டும்விட்டார்கள். அண்டாவைக் கவிழ்த்துத் தட்டினால் சத்தம்தான் வந்தது. தங்கள் அல்வாவிலும் ஒரு பிசிறு மிச்சமில்லை. தலைமைச் சமையல்காரர், எல்லோரும் வங்காளியில் அண்ணன் என்று கூப்பிடும் மண்டல் தாதா, கையை விரித்துவிட்டார். கடைக்கு ஆளனுப்பி வாங்கலாம்தான். கடைச் சோற்றைச் சம்பந்திக்குப் போட்டால் அது இன்னொரு அவமானம். அத்தான், உங்களை அந்த நேரத்தில் நினைத்த மாதிரி வாழ்க்கையில் நினைத்ததில்லை. நீங்கள் இருந்திருந்தால் எங்கோ ஒரு மூலையில் மூடி வைத்த ஒரு குண்டான் இருந்திருக்கும்.

அப்போது ஷெர்லின் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்தில் தாலி, தாலிக்கு மேல் கம்பெனி அடையாள அட்டை. காலையிலிருந்து அதையும் கழற்றவில்லை அவள்! நேராகப் போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றாள். கம்பெனியில் ஒரு முறை உண்டு. சமைத்த ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டப்பா எடுத்து, சீல் வைத்து, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் பூட்டி வைப்பார்கள். சாப்பிட்டவர்களுக்கு ஏதாவது ஆனால் அதைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். அதில் கை வைத்தவனுக்கு வேலை போகும். போன வருஷம் இதே மண்டல் தாதா சாம்பிள் டப்பாவிலிருந்து ஒரு குலாப் ஜாமூன் எடுத்தார் என்று ஷெர்லின்தான் அவரை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்திருந்தாள். இப்போது சாவி அவர் இடுப்பில். “மேடம், சாம்பிள் கோ ஹாத் நஹீ லகானா. ஆப் ஹீ போலா தா” என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாம்பிளைத் தொடக்கூடாது என்று சொன்னதே நீங்கள்தானே என்கிறார். ராஜசேகரும், “ஷெர்லின், வேணாம்மா. சீல் உடைஞ்சா நான் ரிப்போர்ட் எழுதியாகணும்” என்றார்.

ஷெர்லின் அடையாள அட்டையைக் கழற்றி ராஜசேகர் கையில் வைத்தாள். “சைட் இன்சார்ஜ் தொட்டாத்தான சார் குத்தம்? நான் இப்ப இவங்க வீட்டு மருமக” என்றாள். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய வேலை என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மண்டல் தாதா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, திரும்பி நின்றுகொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டிக் கொடுத்தார்.

தலைவாழை இலையில், சொப்புச் சாமான் விளையாட்டு மாதிரி, கட்டை விரல் உசரத்துக்குச் சோறு, அதில் ஒரு சொட்டு மீன்குழம்பு, கோழி வறுவலில் ஒரே ஒரு துண்டு, கூட்டு ஒரு கரண்டி நுனி, பாயசம் ஒரு மடக்கு. ஒவ்வொன்றையும் சுடவைத்து ஷெர்லினே பரிமாறினாள். சம்பந்தி குனிந்து டப்பாக்களைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த ‘உண்ணக்கூடாது’ என்ற சீட்டைப் பார்த்தார், ராஜசேகர் கையிலிருந்த அட்டையையும், அவள் கழுத்தில் தாலி மட்டும் கிடப்பதையும் பார்த்தார். “இதுக்காகவா தாயி வேலைய விட்ட?” என்றார். கையை நனைத்தார் அத்தான்! சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். கோயில் மணியைத் தவிர எல்லாம் அடித்தது. தம்பிமார் வாளியில் தட்டினார்கள், கிளாரா வலைத் தொப்பியைக் கழற்றி வீசினாள், ராஜசேகர் தம்பி என்னைக் கட்டிப்பிடித்து என் வேட்டியில் மூக்கைத் துடைத்தார். சம்பந்தி கடைசிச் சொட்டுப் பாயசத்தையும் வழித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டதைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை.

ஆகவே அத்தான், நான் கண்ட பாடம் இதுதான். கம்பெனி வேண்டவே வேண்டாம். அளந்து சமைக்கிறவன் கையில் கல்யாணத்தைக் கொடுக்கவே கூடாது. இனி நம் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் தாங்களே தலைவர், தங்கள் அல்வாவே முதல் பலகாரம். சம்பந்திக்கு அல்வா கிடைக்கவில்லை என்று எனக்குத் தீராத குறை. ஷெர்லினும் வெளிச் சாப்பாடு என்று பிடிவாதமாகத் தொடவில்லை. இருவருக்கும் தனியாக ஒரு டின் அனுப்பவும். பிள்ளை வேலை என்னாகுமோ என்ற ஒரு கவலையைத் தவிர மனசு நிறைந்திருக்கிறது, வயிறும் நிறைந்திருக்கிறது. இப்போது வயிறு லேசாகச் சத்தம் போடுகிறது, சந்தோஷம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு என் முத்தங்கள். வேளாங்கண்ணி மாதா தங்கள் முழங்காலையும் கோபத்தையும் சேர்த்தே குணமாக்கட்டும்.

தங்கள் அன்பை என்றும் எதிர்பார்க்கும்,
மைத்துனன் தாமஸ்

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. இந்தப் பின்குறிப்பை ஒரே மூச்சில் எழுத முடியவில்லை, நடுநடுவே எழுந்து போக வேண்டியிருக்கிறது. நேற்று ஃபாதர் பூசையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனவர் இறுதி ஆசீர் சொல்லத் திரும்பவே இல்லை. என் தம்பிமார் இருவரும் ஒரே கதவின் முன்னால் சண்டை போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை மாமனார் வீட்டில் இதுவரை பார்த்த ஒரே அறை எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராஜசேகர் தம்பி விமானத்தைத் தவறவிட்டுவிட்டு இங்கேயே படுத்திருக்கிறார். தலைமை ஆபீசிலிருந்து சாம்பிள் டப்பாவை உடனே அனுப்பு என்று போன். டப்பாவில் இருந்ததெல்லாம் சம்பந்தியின் வயிற்றில் இருக்கிறது! உடனே டாக்டர் ஒருவர் வந்து, அப்படியென்றால் சாம்பிள் இவர்தான், இரண்டு நாள் இவரை வெளியே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஹட்பே கப்பல் போய்விட்டது. சாம்பிள் என் சாய்வு நாற்காலியில் கல்லுக்குண்டாக உட்கார்ந்து மூன்று வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது. கம்பெனிச் சாப்பாடு அத்தனையையும் தின்றவர் நன்றாக இருக்கிறார், ஷெர்லினும் நன்றாக இருக்கிறாள், மற்ற அத்தனை பேரும் படுத்துவிட்டோம். அப்படியானால் நாங்கள் எல்லோரும் தின்று, அவர்கள் இருவர் மட்டும் தின்னாதது என்ன என்று ஷெர்லின்தான் யோசித்துக் கண்டுபிடித்தாள். அத்தான், மேலே அல்வாவைப் பற்றி நான் எழுதிய வரிகளைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். சீல் உடைத்ததால் கம்பெனி மானம் பிழைத்தது என்று ராஜசேகர் தம்பி படுத்தபடியே அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சம்பந்தி தன் இளைய மகள் கல்யாணத்துக்கு இப்போதே கம்பெனியிடம் சொல்லிவைத்துவிட்டார். அந்தக் கல்யாணத்துக்குத் தாங்கள் கட்டாயம் வர வேண்டும், முதல் பந்தியில் உட்கார வேண்டும், வெறுங்கையோடு வர வேண்டும். இல்லை, அல்வா கொண்டுவந்துதான் தீருவேன் என்றால், இரண்டு நாள் முன்னாலேயே அதில் ஒரு துண்டைத் தாங்கள் சாப்பிட்டுவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்காவை விட்டு எங்களுக்கு ஒரு வரி எழுதச் சொல்லவும்.